இரண்டு ஏழு போட்ட வாட்ச்

கம்பெனியில் இனி அம்புக்குறி ஸ்டிக்கர் கிடையாதாம். துணி ஓடும்போதே கேமரா பார்த்துக்கொள்கிறதாம். ஓட்டை இருந்தால் மெஷின் தானாக நின்றுவிடுமாம். நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியிலிருந்து போன் செய்து சொன்னார்கள். "உங்க காலத்துல செக்கிங் எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடறோம்" என்றார்கள்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. எழுதுகிற அளவுக்கு ஒன்றும் நடக்கவும் இல்லை. நடந்தது ஒன்றுதான். அது ஒரு வாட்ச்சால் வந்தது. நான் ரிட்டையர் ஆன பிறகு நடந்தது. ஆனால் தொடங்கியது செக்கிங் டேபிளில். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஆறுமுகம். முதலில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுத்தேன். பிறகு நூல் பிசிறு வெட்டினேன். பிறகு செக்கிங். கடைசிவரை செக்கிங்தான். தைத்து முடித்த பனியன் பெட்டிக்குள் போகும் முன்னால் கடைசியாகப் பார்க்கிற ஆள் நான்.

எனக்கு மேலே இன்சார்ஜாக இருந்தவர் நாச்சிமுத்து அண்ணன். ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் பேனா இருக்காது. சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் தாள்தான் இருக்கும். யாரையும் வா, போ என்று பேச மாட்டார். சின்னப் பிள்ளைகளைக் கண்ணு என்பார். மற்ற எல்லோருக்கும் வாங்க, போங்க. கோபம் வந்தால் இன்னும் ரெண்டு 'ங்க' சேர்ந்துவிடும். அவர் ரொம்ப மரியாதையாகப் பேசினால் நாங்கள் கையில் இருக்கிற பீஸை மறுபடி திருப்பிப் பார்ப்போம்.

அவர் பீஸ் பார்க்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். டேபிளுக்கு மேலே டியூப்லைட் தாழ்வாகத் தொங்கும். பீஸை விரித்துப் போடுவார். கழுத்து, தோள், கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு. இந்த வரிசை மாறாது. கட்டைவிரலால் தையல் மேலேயே தடவிக்கொண்டு போவார். பிறகு உள்பக்கம் திருப்பி மறுபடி கழுத்திலிருந்து. கோளாறு இருந்தால் வாயால் சொல்ல மாட்டார். ஸ்டிக்கரை எடுத்து ஒட்டுவார். அம்பின் நுனி எந்த இடத்தைத் தொடுகிறதோ அதுதான் கோளாறு. அதற்குப் பக்கத்தில் இருப்பது இல்லை. ஒருமுறை நான் அம்பைக் கொஞ்சம் தள்ளி ஒட்டிவிட்டேன். டெய்லர் நன்றாக இருந்த தையலைப் பிரித்துவிட்டான். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "நுனியப் பாருங்க ஆறுமுகம். வாலப் பாக்காதீங்க" என்றார். அவ்வளவுதான்.

ஸ்டிக்கர் ஒட்டிய பீஸ் ஆல்டருக்குப் போகும். சரிசெய்து திரும்பி வரும். வந்ததும் டெய்லர் ஸ்டிக்கரை எடுக்கக் கூடாது. ஒட்டியவர்தான் மறுபடி பார்த்து, சரியாக இருந்தால் உரிக்க வேண்டும். ஒட்டியவர் லீவு என்றால் அந்தப் பீஸ் அவர் வரும்வரை அப்படியே கிடக்கும். திருப்பூரில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதுதான் பழக்கம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் கம்பெனியில் இதுதான். அவர் கையில் வேலை கற்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள்.

இன்னொன்று சாம்பிள். வெளிநாட்டுக்காரன் பார்த்து சரி என்று சீல் போட்டு அனுப்பிய பீஸ். அது டேபிளுக்கு எதிரே ஆணியில் தொங்கும். ஒருமுறை குழந்தைகள் பனியன் வந்தது. நெஞ்சில் கரடிப் படம். சாம்பிளில் கரடிக்கு ஒரு காலில் நாலு விரல், இன்னொரு காலில் மூணு. படம் போட்டவன் விட்டிருப்பான். பிரிண்டிங் பட்டறைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, நல்லது செய்வதாக நினைத்து, ரெண்டு காலிலும் நாலு விரல் போட்டு அனுப்பிவிட்டார். அண்ணன் லாட் முழுவதையும் ஓரம் கட்டச் சொன்னார். பட்டறைக்காரர் நேரே வந்துவிட்டார்.

"ஏனுங்க, கரடிக்கு நாலு வெரலு போட்டது தப்புங்களா? நீங்களே சொல்லுங்க, மூணு வெரல்ல எந்தக் கரடிங்க இருக்குது?"

அண்ணன் சாம்பிளை ஆணியிலிருந்து எடுத்து அவர் முன்னால் விரித்தார். "கரடிக்கு எத்தன வெரலுன்னு எனக்குத் தெரியாதுங்க. சாம்பிளுக்கு மூணுங்க."

லாட் திரும்பிப் போனது. நாங்கள் ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

இனி வாட்ச்.

எனக்கு வேறு பழக்கம் கிடையாது. வாட்ச் சேர்ப்பேன். பழைய வாட்ச், சாவி கொடுக்கிற வாட்ச். விலை உயர்ந்தது எதுவும் என்னிடம் இல்லை. ஒரு தகரப் பெட்டியில் பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணி விரித்து வரிசையாக வைத்திருக்கிறேன். திருப்பூர் ராயபுரத்தில் காதர் பாய் கடை. பழைய வாட்ச் வாங்குவார், விற்பார். ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். என் வீட்டில் சொல்வார்கள், மற்றவர்கள் பார்த்து வாங்குவார்கள், இவர் குறை கண்டுபிடிக்கவே வாங்குகிறார் என்று. உண்மைதான். டயலைப் பார்த்தால் என் கண் தானாகப் பன்னிரண்டில் தொடங்கி வரிசையாகப் போகும்.

காதர் பாய் ஒருநாள் ஒரு விஷயம் சொன்னார். நம் நாட்டு வாட்ச்தான். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவர்கள் ஒருமுறை டயல் அடித்தபோது எட்டு இருக்கிற இடத்தில் ஒரு கோடு விட்டுப்போனதாம். ரோமன் எழுத்தில் எட்டுக்கு V பக்கத்தில் மூன்று கோடு வேண்டும். ரெண்டுதான் விழுந்தது. ஆக ஏழுக்குப் பக்கத்தில் இன்னொரு ஏழு. தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் கொஞ்சம் வெளியே போய்விட்டது. "சேக்கறவங்க அதுக்கு உசுர விடறாங்க ஆறுமுகம். நானே கண்ணுல பாத்ததில்ல, போட்டோலதான் பாத்தேன்" என்றார்.

கேட்டதிலிருந்து எனக்கு அது வேண்டும் என்று ஆகிவிட்டது. காரணம் கேட்டால், எங்கோ ஒரு செக்கிங் டேபிளில் என்னைப் போல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் கண்ணுக்கு முன்னால் அது போயிருக்கிறது. அவன் விட்டுவிட்டான். அந்தப் பீஸைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வருஷக்கணக்கில் தேடினேன். ஊத்துக்குளியில் ஒரு வெண்ணெய் வியாபாரியிடம் இருக்கிறது என்றார்கள். ரயில் ஏறிப் போனேன். கண்ணாடி முழுக்க நெய் பிசுக்கு. துடைத்துப் பார்த்தால் எட்டு சரியாக இருந்தது. மங்கலத்தில் ஒரு தறிக்காரர் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். எட்டில் ரெண்டு கோடு. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது கோட்டின் நிழல் லேசாகத் தெரிந்தது. ஈரம் இறங்கி அழிந்த கோடு.

"இது அழிஞ்சதுங்க. விட்டது இல்லீங்க" என்றேன்.

"அழிஞ்சா என்ன, விட்டா என்னங்க? ரெண்டும் ரெண்டு கோடுதானுங்க?" என்றார்.

எனக்கு அது ரெண்டும் ஒன்று இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இப்படியே ரிட்டையரும் ஆனேன். நாச்சிமுத்து அண்ணன் எனக்கு முன்னாலேயே ரிட்டையர் ஆகிப் போயிருந்தார். மங்கலம் ரோட்டில் வீடு என்று தெரியும். போனதில்லை. எங்களுக்குள் வீட்டுக்குப் போகிற பழக்கம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காதர் பாய் கடைக்குப் போனேன். கடை மூலையில் ஜெபராஜ் என்று ஒருவர் டயல் வேலை செய்கிறார், வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. தூத்துக்குடிப் பக்கத்து ஆள். அழிந்துபோன டயலைக் கழுவிவிட்டுப் புதிதாக எழுத்து போடுவார். கை சுத்தம். அன்றைக்கு அவர் ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

"அண்ணாச்சி, நீங்க எல்லாத்துலயும் குறை கண்டுபிடிப்பிய. போன வாரம் பாய் இல்லாதப்ப ஒரு வாட்ச் வந்துச்சு. கம்பெனிக்காரனே எட்ட ஏழுன்னு அடிச்சு விட்டிருக்கான். ஒரு கோடு கம்மி. நம்ம கையில மாட்டிக்கிட்டான்லா. மொத்த டயலையும் கழுவிட்டு பிரமாதமா எழுதிக் குடுத்துட்டேன். ஓரத்துல கண்ணாடி வேற கீறியிருந்துச்சு, அதையும் மாத்தியாச்சு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நின்றுகொண்டிருந்தேனா, எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

காதர் பாய் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். "டேய், என்ன சொன்ன? கழுவிட்டியா?"

"ஆமா பாய். தப்பா இருந்தா சரி பண்ணத்தானே நான் உக்காந்திருக்கேன்?"

"இங்க ஒருத்தர் அதத் தேடி ஊரு ஊராப் போயிட்டு இருக்காருடா."

ஜெபராஜ் என்னைப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, மூஞ்சி இப்படிப் போவுது?"

கழுவிவிட்டார் என்றால் போய்விட்டது. கெட்டுப்போன பனியனைத் திரும்பத் தைக்கலாம். அந்த டயலை யாராலும் திரும்ப அடிக்க முடியாது. யார் கொண்டுவந்தது என்று கேட்டேன்.

"ஒரு பொம்பளப் பிள்ள. மங்கலம் ரோடுன்னு சொல்லுச்சு. கம்பெனிக்குப் போற பிள்ள, கழுத்துல கார்டு கிடந்துச்சு. கண்ணாடி மேல சிவப்பு அம்பு ஒட்டிக் கொண்டாந்துச்சு. தப்பு எங்க இருக்குன்னு காட்டவாம். நல்ல ஐடியாலா?"

வாட்ச்சில் அம்பு ஒட்டுகிற ஆள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள். எனக்கு ஒருவரைத்தான் தெரியும்.

அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. நாச்சிமுத்து அண்ணன் கையில் எப்போதும் வாட்ச் இருந்தது. தோல் பட்டை. டயலை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துக் கட்டியிருப்பார். மேல்பக்கம் கட்டினால் துணியில் நூலை இழுத்துவிடும் என்பார். மணி பார்க்கும்போது கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார். நேரம் கேட்டால் சொல்வார். காட்ட மாட்டார். என் வேலைக்காலம் முழுவதும் டேபிளுக்கு அந்தப் பக்கம் அந்தக் கை இருந்தது. நான் ஊத்துக்குளிக்கு ரயில் ஏறியிருக்கிறேன். அந்தக் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாட்ச் எப்படி ஆகியிருந்தாலும் சரி, கேட்டு வாங்கிவிடுவது என்றுதான் போனேன். கழுவிய டயலானாலும் அது அந்த வாட்ச்தானே.

கேட்டில் துரு பிடித்த இடத்தில் ஒரு அம்பு. சுவரில் விரிசல் மேல் ஒரு அம்பு. கதவைத் திறந்தது மருமகள். சுமதி என்று பெயர். ஷிப்டுக்குக் கிளம்புகிற மாதிரி இருந்தாள். கழுத்தில் கம்பெனி கார்டு தொங்கியது. கார்டில் அவள் போட்டோ மேல் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. நுனி அவள் முகத்தில் இருந்தது.

நான் யார் என்று சொன்னேன். உள்ளே விட்டாள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு துண்டை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்திலிருந்து கட்டைவிரல் போய்க்கொண்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாங்க, உக்காருங்க" என்றார். என்னை அடையாளம் தெரிந்து சொல்லவில்லை.

"மாமாவுக்கு மறதி நோயிங்க" என்று சுமதி மெதுவாகச் சொன்னாள். "ஊட்டுல எல்லாத்தையும் செக் பண்ணுவாருங்க. ஒட்டுனதச் சரி பண்ணி வெச்சா, வந்து பாத்து அவரே உரிச்சுப்போட்டு நல்லாச் சாப்புடுவாரு. அதனால நாங்களும் ஒண்ணொண்ணா சரி பண்ணிட்டே வந்தோமுங்க. டம்ளரு, சுவிச்சு, பாத்ரூம் கதவு. அப்புறம் வாட்சுல ஒட்டினாருங்க."

"எட்டு மேலயா?"

"ஆமாங்க. அப்பத்தான் நானே பாத்தனுங்க. எட்டுல ஒரு கோடு இல்ல. நானும் செக்கிங்லதானுங்க இருக்கறேன். இத்தன வருசமா தப்பு வாட்சையாக் கட்டிட்டு இருந்தாருன்னு நெனச்சு, ஆல்டருக்குக் குடுத்தனுங்க. சந்தோசப்படுவாருன்னு."

வாட்ச் திரும்பி வந்த அன்றைக்கு அவர் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாராம். பிறகு அவளைப் பார்த்து, "ஏனுங்க, என்ற வாட்ச் எங்கீங்க?" என்றாராம்.

"அதுவரைக்கும் என்னைக் கண்ணுன்னுதானுங்க கூப்புடுவாரு. கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து. அன்னிக்கு 'ங்க' போட்டாரு பாருங்க."

அதன்பிறகு அவள் கையால் எதையும் வாங்கிச் சாப்பிடவில்லை. மகன் சாயப்பட்டறையில் வேலை செய்கிறான். அவன் ஊட்டினால் சாப்பிடுவார். அவன் வேலைக்குப் போய்விட்டால் பட்டினி. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இந்தம்மாவ உள்ள விடாதீங்க, என்ற வாட்ச மாத்திப்போட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். ஒருநாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது எதிரே வந்து நின்று, "கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லி, கார்டில் ஒட்டிவிட்டார்.

"அப்படியேவா கம்பெனிக்குப் போறே கண்ணு?" என்று கேட்டேன்.

"அப்படியேதானுங்க போறேன். புள்ளைங்க எல்லாம் கேக்குது, 'என்னக்கா, உன்னையே ஆல்டருக்கு அனுப்பிட்டாங்களா'ன்னு. சூப்பர்வைசரு, 'எடுத்து வீசிட்டு வாம்மா'ன்னாரு. நான் எடுக்க மாட்டேனுங்க."

"ஏன்?"

"ஒட்டுனவருதான் உரிக்கோணும். அவரே சொல்லிக் குடுத்ததுதானுங்க."

அவள் அழவில்லை. கார்டை நேராகப் போட்டுக்கொண்டாள்.

வாட்ச்சைக் கேட்டேன். ஒரு டம்ளருக்குள் வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். எழுத்து ஒவ்வொன்றும் சுத்தம். எட்டில் மூன்று கோடு. எந்தக் குறையும் இல்லை. என் டேபிளுக்கு வந்திருந்தால் பாஸ் பண்ணியிருப்பேன்.

அண்ணன் கையில் கொடுத்துப் பார்த்தேன். "இதப் பாருங்கண்ணா."

துண்டை மடித்து வைத்தார். வாட்ச்சை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பன்னிரண்டிலிருந்து கட்டைவிரல் கண்ணாடி மேல் சுற்றி வந்தது. ஒன்று, ரெண்டு, மூன்று. அவசரமில்லை. ஏழு வந்தது. எட்டு வந்ததும் விரல் நின்றது. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து ஒரு அம்பை உரித்தார். நுனி எட்டின் மூன்றாவது கோட்டில் இருக்கிற மாதிரி ஒட்டினார்.

நான் அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரடிதான் ஞாபகம் வந்தது. எட்டுக்கு எத்தனை கோடு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அவர் வாட்ச்சுக்கு ரெண்டு. இவ்வளவு காலமும் அவருக்கு அது தெரியும். அது தப்பு இல்லை. அது சாம்பிள்.

அப்படியானால் முதலில் எதற்கு அம்பு ஒட்டினார். சுமதியைக் கேட்டேன். ஆல்டருக்குக் கொடுக்கும் முன்னால் போட்டோ எடுத்தாயா என்று. எடுத்திருந்தாள். கம்பெனியில் எடுத்துப் பழகிய கை. போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்பின் வால்தான் எட்டை ஒட்டி இருந்தது, எட்டை மறைக்கவில்லை. நுனி வெளியே பார்த்திருந்தது. கண்ணாடியின் ஓரத்தில், கீறல் விழுந்த இடத்தில்.

"நுனியப் பாரு கண்ணு" என்றேன்.

வாங்கிப் பார்த்தாள். போனைக் கொண்டுபோய் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மறுபடி பார்த்தாள். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "கண்ணாடிங்களா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே, "வெறும் கண்ணாடிங்களா?"

அன்றைக்கு அவள் ஷிப்டுக்குப் போகவில்லை.

போட்டோவை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். வாட்ச்சையும் வாங்கிக்கொண்டேன். நேரே ராயபுரம் போனேன்.

"இந்தப் போட்டோல இருக்கற மாதிரியே வேணும். எட்டுல ரெண்டு கோடு" என்றேன்.

ஜெபராஜுக்குப் புரியவில்லை. "அண்ணாச்சி, சரியா இருக்கறதத் தப்பா எழுதச் சொல்லுதியளா? நான் தொழிலுக்கு வந்து இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல."

"எழுதுங்க."

"வெளிய யாருட்டயும் என் பேரச் சொல்லிராதிய."

காதர் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரிஜினல் போச்சு ஆறுமுகம். அத ஏத்துக்கங்க. தேடி அலைஞ்ச மனுசன், கடைசில நீங்களே டூப்ளிகேட் பண்ணச் சொல்றீங்க. நாளைக்கு இது கைமாறிப் போச்சுன்னா, ஒரிஜினல்னு சொல்லி எவன் தலையிலயாவது கட்டிருவாங்க."

"கைமாறாது பாய்" என்றேன்.

சரியான சொல் அதுதான், டூப்ளிகேட். மங்கலத்தில் பார்த்தது அழிந்தது. நான் தேடியது விட்டது. இது ரெண்டும் இல்லை. வேண்டுமென்றே எழுதியது. என் பெட்டியில் இதற்கு இடம் கிடையாது. ஜெபராஜ் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து போட்டோவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கோட்டுக்குக் கோடு பார்த்தேன். ரெண்டு தடவை அழிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

வாட்ச்சைக் கொண்டுபோனபோது சுமதி வேலைக்குக் கிளம்பி நின்றாள். கார்டில் அம்பு அப்படியே இருந்தது. ஓரம் அழுக்கேறியிருந்தது. தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருந்தாள். தினமும் போட்டு வைப்பாளாம். தினமும் அப்படியே இருக்குமாம்.

வாட்ச்சை அண்ணன் கையில் வைத்தேன்.

பார்க்கவில்லை. ஓரமாக வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "சாம்பிள் எங்கீங்க?" என்றார்.

சாம்பிள் இல்லாமல் அவர் எந்தக் காலத்திலும் பீஸைத் தொட்டதில்லை. அது எனக்குத் தெரியும், ஆனாலும் மறந்துபோய் வந்திருந்தேன். உலகத்தில் எங்கே போய் அந்தச் சாம்பிளைக் கொண்டுவருவது. பிறகு போன் ஞாபகம் வந்தது. போட்டோவை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஆணியில் தொங்கிய உயரத்தில் பிடித்தேன்.

பார்த்தார். வாட்ச்சை எடுத்தார். பன்னிரண்டில் தொடங்கினார். ஒரு எழுத்து வாட்ச்சில், அதே எழுத்து போனில். கண் மேலேயும் கீழேயும் போய்வந்தது. என் கை வலித்தது. இறக்கவில்லை. சுமதி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். ஏழு. அடுத்த ஏழு. அங்கே கொஞ்சம் நின்றார். ஒன்பதுக்குப் போனார். பன்னிரண்டு வரை போய், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். சாவி கொடுத்தார். காதில் வைத்தார்.

"பெட்டிக்கு அனுப்பிருங்க ஆறுமுகம். லாட் பாஸ்" என்றார்.

என் பெயரைச் சொன்னார். அந்த வீட்டில் அதற்கு முன்னாலும் அதற்குப் பின்னாலும் சொல்லவில்லை. "சரிங்கண்ணா" என்றேன்.

இடது கையில் கட்டினார். டயலை உள்பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டார். பிறகுதான் சுமதியைப் பார்த்தார். பார்வை கார்டுக்குப் போனது. எழுந்து போய் அவள் முன்னால் நின்றார். நகத்தால் அம்பின் ஓரத்தைத் தூக்கினார். ஒட்டி நாள் ஆகிவிட்டதால் பசை இறுகியிருந்தது. அது கண்ணாடிப் பேப்பர் போட்ட கார்டு இல்லை. போட்டோ ஒட்டிய வெறும் அட்டை. அவர் மெதுவாகத்தான் உரித்தார். ஆனாலும் அம்புக்கு அடியில் இருந்த போட்டோவும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது.

அம்பை ஸ்டிக்கர் தாளின் பின்பக்கம் ஒட்டினார். எப்போதும் அப்படித்தான் செய்வார், கீழே போட மாட்டார். "சோறு போடு கண்ணு" என்றார்.

சுமதி தட்டைக் கொண்டுவந்தாள். உட்கார்ந்து சாப்பிட்டார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அவள் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அசையவில்லை. பிறகு கார்டைத் தூக்கிப் பார்த்தாள். முகம் இருந்த இடத்தில் அம்பு வடிவத்தில் வெள்ளையாக இருந்தது.

"வேற போட்டோ ஒட்டிக்கோ கண்ணு. இப்படியே போனா கேட்டுல விட மாட்டாங்க" என்றேன்.

"நாளைக்கு ஒட்டிக்கறனுங்க. இன்னிக்கு இப்படியே போறேன். எல்லாரும் பாக்கட்டும்" என்றாள்.

போய்விட்டாள். வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

நான் வாட்ச்சைக் கேட்கவில்லை. கேட்கத்தான் முதலில் வந்தேன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. எழுந்தேன். பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டதா என்று தெரியவில்லை. அண்ணனிடம் மணி என்ன என்று கேட்டேன்.

கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். நேரம் சொன்னார். காட்டவில்லை.